ரெண்டு கம்பெனி, ஒரே கம்பம்

மேனேஜர் கேட்டது ஒரே கேள்விதான். "நம்ம நெட்வொர்க்ல எந்தெந்த டப்பா புட்டுக்கிச்சுன்னா நாம காலி? ஒரு பத்து எழுதிக் குடுப்பா, ஸ்பேர் வாங்க அப்ரூவல் போடணும்." டப்பான்னா ரவுட்டர், சுவிட்ச் மாதிரி கம்ப்யூட்டர் ஒயரையெல்லாம் இணைக்கற மெஷின். நானும் ரெண்டு நாள்ல குடுத்துட்டேன். கலர் கலரா படம் வரைஞ்சு, வரிசை நம்பர் போட்டு, பக்காவா. அந்த லிஸ்ட் தப்புன்னு இன்னிக்கும் சொல்ல முடியாது, கணக்கு சரியாத்தான் இருக்கு. ஆனா ஒரு மழை ராத்திரி நாங்க மொத்தமா படுத்தப்போ அதுக்குக் காரணமானது அந்தப் பத்துலயும் இல்ல, கடைசி வரைக்கும் போன முழு வரிசைலயும் இல்ல, நான் வரைஞ்ச படத்துலயே இல்ல. ரெண்டு வருஷமா அது உறுத்திக்கிட்டே இருக்கு, எழுதியாவது எறக்கி வெச்சுடலாம்னு பாக்குறேன்.

நான் வேலை பாக்குறது ஒரு கன்டெய்னர் யார்டு கம்பெனில. ஹெட் ஆபீஸ் மண்ணடி பக்கம், யார்டு மாதவரம் தாண்டி மணலி போற வழில, திருவொத்தியூர்ல ஒரு சின்ன ஆபீஸ். ஹார்பர்ல எறங்குற பொட்டி எங்க யார்டுக்கு வரும், கஸ்டம்ஸ் வேலை முடிஞ்சதும் வெளிய போவும். டிரெய்லர் உள்ள வரணும்னா எடை மேடைல ஏறி எறங்கணும், அந்த எடை மண்ணடில இருக்குற சர்வருக்குப் போய்ட்டு வரணும், அப்புறம்தான் கேட் பாஸ் பிரிண்ட் ஆவும். இது நின்னா அரை மணி நேரத்துல ரோட்டுல வண்டி வரிசை கட்டிடும். டிரெய்லர் வரிசைன்னா என்னன்னு நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல, பைக்ல அது நடுவுல பூந்து பூந்துதான் பாதிப் பேர் வேலைக்கே போறோம்.

பேசின் பிரிட்ஜ் கணக்கு

முதல்ல எல்லாரும் பண்றதைத்தான் நானும் பண்ணேன். எந்த டப்பால ஒயர் நிறைய சொருகியிருக்கோ அதுதான் பெரிய ஆளு. இதுக்குப் பேரு டிகிரி. அப்படி எண்ணிப் பாத்தா ஹெட் ஆபீஸ் ரெண்டாவது மாடில அக்கவுன்ட்ஸ் செக்‌ஷனோட 48 போர்ட் சுவிட்ச் மொத எடத்துல வந்து உக்காந்துக்கிச்சு. அது செத்தா என்ன ஆவும்? அக்கவுன்ட்ஸ் ஆளுங்க எல்லாம் டீ குடிக்கப் போவாங்க. ஒரு டிரெய்லர் கூட நிக்காது. யார்டு கேட் ரூம்ல, பழைய காலண்டர் மாட்டியிருக்குற ஆணிக்குக் கீழ ஒரு சின்ன ரவுட்டர் இருக்கு, உள்ள ஒரு ஒயர் வெளிய ஒரு ஒயர், அவ்ளோதான். டிகிரி கணக்குல அது கடைசி பெஞ்ச். அது செத்தா மணலி ரோடே செத்துது. அப்பவே தெரிஞ்சுது, எண்ண வேண்டியது ஒயரை இல்லன்னு.

நம்ம ஊர்லயே இதுக்கு ஒரு பாடம் இருக்கு. சென்ட்ரலுக்கு ரயில்ல வந்த யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க, வண்டி டயத்துக்கு வந்திருக்கும், எல்லாரும் பொட்டியைத் தூக்கிக்கிட்டு கதவாண்ட நின்னிருப்பாங்க, கரெக்டா பேசின் பிரிட்ஜ்ல சிக்னலுக்குப் படுத்துக்கும். கோயம்புத்தூர் வண்டியும் அங்கதான் நிக்கும், விஜயவாடா வண்டியும் அங்கதான் நிக்கும், பெங்களூர் வண்டியும் அங்கதான். பேசின் பிரிட்ஜ்ல எறங்கணும்னு டிக்கெட் எடுத்துக்கிட்டு வர்றவங்க எத்தனை பேர்? ஆனா சென்ட்ரலை விட்டுக் கெளம்புற வண்டி ஒண்ணு கூட அதைத் தொடாம போக முடியாது. கூட்டம், கடை, போர்டு, புகழ் எல்லாம் சென்ட்ரலுக்கு, கழுத்து மட்டும் பேசின் பிரிட்ஜ் கைல. இதைத்தான் லின்டன் ஃப்ரீமேன்னு ஒரு சமூகவியல்காரர் 1977-ல கணக்காவே எழுதி வெச்சாரு. நெட்வொர்க்ல இருக்குற ஒவ்வொரு ஜோடியையும் எடு, அவங்களுக்கு நடுவுல இருக்குற குறுக்கு வழி எல்லாத்தையும் பாரு, அதுல எத்தனை பங்கு இந்த ஆளைத் தாண்டிப் போவுதுன்னு கூட்டு. பிட்வீன்னஸ்னு பேரு. தமிழ்ல சொல்லணும்னா எனக்கு 'நடுவாந்தரம்'னுதான் வாய்ல வருது.

கணக்கு சுளுவா இருந்தாலும் பெரிய நெட்வொர்க்னா போட்டு முடிக்கறது பேஜார். 2001-ல உல்ரிக் பிராண்டஸ் ஒரு வழி கண்டுபிடிச்சதுக்கு அப்பறம்தான் ஆயிரக்கணக்குல புள்ளி இருக்குற படத்துக்கும் இது சாத்தியம் ஆச்சு. எங்களுது மொத்தமே 140 சொச்சம் டப்பா, பைத்தான்ல புரோகிராம் எழுதறவங்களுக்கு நெட்வொர்க்எக்ஸ்னு ஒரு ரெடிமேட் கருவி இருக்கு, அதை வெச்சு என்டர் தட்டுனேன், கண் இமைக்கறதுக்குள்ள வந்துடுச்சு. ஆனா அதை அப்படியே நம்பிட முடியாது. ஃப்ரீமேன் கணக்குல எல்லா ஜோடியும் ஒண்ணு. எங்க ஆபீஸ்ல ரெண்டாவது மாடி பிரிண்டரும் திருவொத்தியூர் கேமராவும் வாழ்நாள்ல ஒரு வார்த்தை பேசிக்கப் போறதில்ல, அந்த ஜோடிக்கும் ஒரு ஓட்டு, எடை மேடைக்கும் சர்வருக்கும் ஒரு ஓட்டுன்னா நியாயமா? அதனால எது எதுகூட நெஜமா பேசுதுன்னு ஒரு வாரம் நெட்வொர்க் டிராஃபிக் எடுத்து, நிறைய பேசுற ஜோடிக்கு நிறைய மார்க் போட்டு மறுபடி ஓட்டுனேன். கேட் ரூம் ரவுட்டர் மூணாவது எடத்துக்கு வந்துச்சு. எனக்கு ஒரே சந்தோஷம். இன்னா கணக்கு, இன்னா ஆளுடா நீன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.

பெரிய ஆளுங்க சண்டை

அந்த சமயத்துல இதைப் பத்தி கைல கெடச்சதெல்லாம் படிச்சேன். 2000-ல ஆல்பர்ட், ஜியோங், பரபாசின்னு மூணு பேர் நேச்சர் பத்திரிகைல எழுதுன ஒரு கட்டுரைய இந்தத் துறைல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. சில பேருக்கு மட்டும் ஏகப்பட்ட இணைப்பு, மத்தவங்களுக்கு ஒண்ணு ரெண்டுன்னு இருக்குற நெட்வொர்க்குல கண்ண மூடிக்கிட்டு நூத்துக்கு அஞ்சு புள்ளியைப் புடுங்குனாலும் பெருசா ஒண்ணும் ஆவாது, ஆனா பெரிய தலையா பாத்து அதே அஞ்சைப் புடுங்குனா ஒரு எடத்துலேர்ந்து இன்னொரு எடத்துக்குப் போற தூரம் ரெட்டிப்பாயிடும். இன்டர்நெட்டும் இந்த ஜாதிதான்னு சொன்னாங்க. படிக்கறப்போ அப்படியே சினிமா மாதிரி இருக்கும், வில்லன் நாலு பெரிய ரவுட்டரைப் போட்டான்னா உலகமே அவுட்.

அஞ்சு வருஷம் கழிச்சு, 2005-ல, ஜான் டாயிலும் அவரு கூட்டாளிங்களும் வந்து நில்லுப்பான்னாங்க. ரவுட்டர்ங்கறது படத்துல இருக்குற புள்ளி இல்ல, மெஷின். ஒரு மெஷினால நிறைய மெல்லிசு ஒயரைப் பாக்க முடியும், இல்லன்னா கொஞ்சம் தடி ஒயரைப் பாக்க முடியும், ரெண்டும் ஒரே நேரத்துல முடியாது. அதனால இன்டர்நெட்டோட நடு மையத்துல இருக்கறதெல்லாம் கொஞ்சமே இணைப்பு இருக்குற, ஆனா ராட்சச வேகத்துல ஓடுற டப்பா. ஏகப்பட்ட இணைப்பு இருக்கறதெல்லாம் ஓரத்துல, வீட்டு கனெக்‌ஷனையெல்லாம் சேக்குற எடத்துல. அது போனா அந்தத் தெருதான் போவும், உலகம் போவாது. எனக்கு இதைப் படிச்சதும் நம்ம அக்கவுன்ட்ஸ் சுவிட்ச் கண்ணு முன்னாடி வந்து நின்னுச்சு. அதே கதைதான்.

இன்னொண்ணு, 2010-ல கிட்சாக்னு ஒருத்தரும் அவரு கூட இருந்தவங்களும் எழுதுனது. ஒரு நோயோ ஒரு வதந்தியோ யாருகிட்ட ஆரம்பிச்சா அதிகம் பரவும்னு பாத்தாங்க. நெட்வொர்க்கை வெங்காயம் மாதிரி உரிச்சுக்கிட்டே போ, ஒரே இணைப்பு இருக்கறவனையெல்லாம் தூக்கு, தூக்குனதுல புதுசா ஒத்தை இணைப்பு ஆனவனையும் தூக்கு, அப்பால ரெண்டு, அப்பால மூணு. கடைசி வரைக்கும் உரியாம உள்ள இருக்கறவன்கிட்ட ஆரம்பிச்சாதான் நல்லா பரவுதுன்னாங்க. ஊர் ஓரத்துல உக்காந்துக்கிட்டு ஐநூறு பேரைத் தெரிஞ்சு வெச்சிருக்கறவனை விட, காசிமேட்டு ஏலத்துக்கு நடுவுல நிக்குற, நாப்பது பேரை மட்டும் தெரிஞ்ச ஆயாகிட்ட ஒரு விஷயம் சொன்னா சீக்கிரம் ஊருக்குத் தெரியும், அந்த மாதிரி. ஆனா அது பரவுற கணக்கு. என்னுது நிக்குற கணக்கு. எது நின்னா மத்ததெல்லாம் நிக்கும்ங்கறதுக்கும் எது பேசுனா எல்லாருக்கும் கேக்கும்ங்கறதுக்கும் ஒரே பதில் வரணும்னு ஒண்ணும் சட்டம் இல்ல.

இதெல்லாம் படிச்சுட்டு லிஸ்டை இன்னும் இழைச்சேன். முதல் பத்தை அப்படியே எடுத்தா அதுல நாலு ஒரே பாதைல வரிசையா நிக்குதுன்னு கண்டுபிடிச்சேன், ஒண்ணு செத்தா மத்த மூணும் சும்மாதான் உக்காந்திருக்கும், அப்பறம் அதுக்கெல்லாம் தனித்தனியா ஸ்பேர் எதுக்கு? தனித்தனியா நல்லா ஆடுற பதினோரு பேரைப் பொறுக்கறதும் ஒரு டீம் பொறுக்கறதும் வேற வேற. அப்படி ஒரு கூட்டத்தைப் பொறுக்குறது எவ்ளோ கஷ்டம்னு கெம்ப்பே, கிளைன்பெர்க், டார்டோஸ் 2003-லயே பரவுற கணக்குக்குக் காமிச்சிருக்காங்க, ஒவ்வொண்ணா பாத்துப் பாத்து சேத்தா சிறந்த விடைல நூத்துக்கு 63-க்குக் கொறையாம தேறும்னு. நானும் அந்த மாதிரி ஒவ்வொண்ணா சேத்தேன். மேனேஜருக்குக் குடுத்தேன். அவரு பாத்துட்டு, மண்ணடிக்கும் யார்டுக்கும் நடுவுல இருக்குற லைன்தான் உயிர்நாடின்னா ரெண்டாவதா இன்னொரு கம்பெனி லைன் போட்ருவோம்னாரு. போட்டாச்சு. வேற கம்பெனி, வேற கலர் டப்பா, வேற பில்லு. படத்துல ரெண்டு கோடு. மறுபடி ஓட்டிப் பாத்தேன், கழுத்து மாதிரி இருந்த எடமெல்லாம் காணாம போச்சு. நிம்மதியா தூங்குனேன், பொய் சொல்லல.

ஐப்பசி மழை

அந்த வருஷம் ஐப்பசில மழை நாலு நாளா விடல. கணேசபுரம் சப்வே எப்பவும் போல மூடியாச்சு, வியாசர்பாடிலேர்ந்து புளியந்தோப்புக்குப் போறதுக்கே ஊரைச் சுத்தணும். ராத்திரி பதினோரு மணிக்கு போன். யார்டு லைன் ரெண்டும் டவுன். ஒண்ணு இல்ல, ரெண்டும். மொதல்ல நான் நம்பல, கரண்ட்டா இருக்கும்னு நெனச்சேன். கேட் ரூம்ல இருக்குற தம்பி சொல்றான், "ண்ணா, எல்லா லைட்டும் பச்சையாத்தான் கீது, ஒரு லைட்டு மட்டும் செவப்பு, ரெண்டு டப்பாலயும் அதே லைட்டு." வெளிய அதுக்குள்ள பதினாலு டிரெய்லர்.

ரெண்டு கம்பெனிக்கும் கம்ப்ளெயின்ட் போட்டேன். ரெண்டு பக்கத்துலயும் அவங்கவங்க எடத்துலேர்ந்து ஓடிடிஆர் மெஷின் போட்டுப் பாத்தாங்க. ஃபைபர் உள்ள ஒரு வெளிச்சத் துடிப்பை அனுப்பி, அது எங்க அடிபட்டுத் திரும்புதுன்னு பாத்து, கட் இத்தனாவது கிலோமீட்டர்லன்னு சொல்ற மெஷின் அது. ஒரு கம்பெனி அவங்க எக்ஸ்சேஞ்ச்லேர்ந்து 4.2-ன்னு சொன்னாங்க, இன்னொருத்தர் 5.9-ன்னாங்க. நம்பரைக் கேட்டதும் எனக்கு மனசு கொஞ்சம் லேசாச்சு, சரி, வேற வேற எடத்துல வேற வேற கட், ஏதோ நேரம் சரியில்ல, ஒரே ராத்திரில ரெண்டும் போயிருக்குன்னு. அந்த ரெண்டு எக்ஸ்சேஞ்சும் வேற வேற எடத்துல இருக்குன்னு எனக்கு ஏன் அப்ப தோணலன்னு இன்னிக்கும் தெரியல.

விடியக்காலை நாலரைக்கு பைக்கைத் தள்ளிக்கிட்டும் ஓட்டிக்கிட்டுமா எருக்கஞ்சேரி ஹை ரோடு வந்தேன். ஒரு மூடுன டீக்கடைக்கு முன்னாடி கம்பம் ஒண்ணு ரோட்டைப் பாத்து சாஞ்சு நிக்குது, அதுலேர்ந்து கறுப்பு கேபிள் எல்லாம் நூடுல்ஸ் மாதிரி தண்ணில தொங்குது. ரோட்டைக் குறுக்கால தாண்டிப் போன கேபிள் மழைக் காத்துல தொங்கியிருக்கு, உசரமான பொட்டி ஏத்துன ஏதோ ஒரு டிரெய்லர் அதை மாட்டி இழுத்துக்கிட்டே போயிடுச்சு. (எங்க யார்டுக்கு வந்த வண்டியாவே கூட இருக்கலாம். அதை நான் விசாரிக்கல.) கம்பத்துக்குக் கீழ ரெண்டு ஆளு, ஆளுக்கொரு குடை, ஆளுக்கொரு ஸ்ப்ளைசிங் மெஷின். ஒருத்தரு ஒரு கம்பெனி, இன்னொருத்தரு இன்னொரு கம்பெனி. ரெண்டு பேரும் ஒரே பெஞ்சுல உக்காந்துக்கிட்டு, ஒரே டார்ச் வெளிச்சத்துல வேலை பாக்குறாங்க.

கொஞ்ச நேரம் பேசாம நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன். மேல் உறையைச் சீவி, உள்ள இருக்குற நீலம், ஆரஞ்சு, பச்சை, பிரவுன்னு முடி மாதிரி இருக்குற நூலைத் தனியா பிரிச்சு, ஒண்ணொண்ணையும் உரிச்சு, ஸ்பிரிட் தொட்ட டிஷ்யூல தொடச்சு, க்ளீவர்ல ஒரு டிக். மெஷின் உள்ள ரெண்டு முனையையும் வெச்சு மூடுனா சின்ன ஸ்கிரீன்ல ரெண்டு குச்சி ஒண்ணைப் பாத்து ஒண்ணு நகருது, ஒரு மின்னல், ஒட்டிக்கிச்சு. ஒரு சொட்டு மழைத்தண்ணி விழுந்தா மறுபடி மொதல்லேர்ந்து. அதுல ஒரு தம்பி கேபிள் டிவி காலத்துலேர்ந்து இந்த ஏரியால ஒயர் இழுக்கற ஆளு, தலை நிமிராமயே கேட்டான்:

"ண்ணா, நீங்க அந்த யார்டு பார்ட்டியா? ரெண்டு லைன் வாங்கிக்கினீங்களே."

"ஆமாம்பா. ரெண்டும் எப்டிப்பா ஒரே நேரத்துல போச்சு?"

"ரெண்டும் இங்கதானண்ணா போவுது. இங்கேர்ந்து மூலக்கடை வரைக்கும் எல்லா கம்பெனிக்கும் இதான் கம்பம். வேற எங்க போவும்?"

அவ்ளோதான் சொன்னான். எனக்கு மழைல நின்னதை விட அதுலதான் குளிர் எடுத்துச்சு. நான் வரைஞ்ச படத்துல ரெண்டு கோடு. அவன் படத்துல ஒரு கம்பம். என்னோட கணக்கு எல்லாம் புள்ளி செத்தா என்ன ஆவும்ங்கறதுக்குத்தான், அந்தக் கம்பம் என் படத்துல புள்ளியாவே இல்ல. இல்லாத புள்ளிக்கு ஃப்ரீமேன் என்ன மார்க் போடுவாரு? பேசின் பிரிட்ஜை வரையாம விட்டுட்டு சென்ட்ரலுக்கும் பெரம்பூருக்கும் நேரா கோடு போட்டவன் கதைதான் என் கதை. எந்தப் புள்ளி முக்கியம்னு தேடுறதுலயே முழு மூச்சா இருந்தேன், எது எதுவெல்லாம் புள்ளின்னு முடிவு பண்ற எடத்துல ஒரு அஞ்சு நிமிஷம் கூட நிக்கல.

இந்த மாதிரி அடி வாங்குனது நான் மட்டும் இல்லன்னு அப்பறம் எனக்கு நானே ஆறுதல் சொல்லிக்கிட்டேன். 2021 அக்டோபர் 4-ஆம் தேதி ராத்திரி ஒம்பது மணிக்கு மேல வாட்ஸப் படுத்தது ஞாபகம் இருக்கா, நம்ம தெருல எல்லாரும் போனை ஆஃப் பண்ணி ஆஃப் பண்ணி ஆன் பண்ணிக்கிட்டு இருந்தோமே. பராமரிப்பு வேலைல குடுத்த ஒரு கமாண்டு, வாட்ஸப்போட ஓனர் ஃபேஸ்புக் கம்பெனிக்கு உள்ள இருக்குற முதுகெலும்பு நெட்வொர்க்கைத் துண்டிச்சுடுச்சு. சைட் பேரைக் கேட்டா விலாசம் சொல்ற டிஎன்எஸ் சர்வர் ஒண்ணும் சாகல, ஆனா டேட்டா சென்டரைப் புடிக்க முடியலன்னதும் நமக்கு ஏதோ உடம்பு சரியில்லன்னு அதுங்களே வெளி உலகத்துக்கு விலாசம் சொல்றதை நிறுத்திக்கிச்சு. சரி பண்ணப் போற ஆளுங்களோட உள் கருவிகளும் அதே நெட்வொர்க்லதான், பில்டிங் உள்ள போறதுக்கே நேரம் புடிச்சுது. சுமார் ஆறு மணி நேரம். இத்தாலில 2003 செப்டம்பர் 28-ல நடந்ததும் இதே வகைதான், கரண்ட் போனதுல அதை நம்பி இருந்த தகவல் நெட்வொர்க் போச்சு, அது போனதுல அதை நம்பி ஓடுன கரண்ட் ஸ்டேஷன் இன்னும் போச்சுன்னு, ஒண்ணு காலை ஒண்ணு வாரி விட்ட கதை. 2010-ல புல்டிரேவும் கூட்டாளிங்களும் இதை வெச்சு நேச்சர்ல ஒரு கட்டுரையே எழுதுனாங்க, ரெண்டு நெட்வொர்க் ஒண்ணை ஒண்ணு நம்பி இருந்தா தனித்தனியா இருக்கறதை விட சுளுவா ஒடையும்னு. நான் அதை அந்தக் கம்பத்துக்கு முன்னாடியே படிச்சிருந்தேன். படிச்சு என்ன பிரயோஜனம்.

ஒரு விஷயம் மட்டும் இதுல எனக்குக் கொஞ்சம் கோவமாவே வரும். சென்னைல முக்கியமான எடம் எதுன்னு யாரையாவது பத்து எழுதச் சொல்லுங்க. வட சென்னை வராது. கரண்ட் செய்யற எடம் அத்திப்பட்டுல, பெட்ரோல் சுத்தம் பண்ற எடம் மணலில, ஹார்பர் இங்க, குப்பை வந்து சேர்ற எடம் கொடுங்கையூர். 1856-ல தென்னிந்தியாவோட முதல் பாசஞ்சர் ரயிலே ராயபுரத்துலேர்ந்துதான் கெளம்புச்சு, 1873-ல சென்ட்ரல் வந்ததும் அந்தப் பேரு அப்படியே அங்க போயிடுச்சு. எங்கள்தெல்லாம் டிகிரி கம்மி, நடுவாந்தரம் ஜாஸ்தி. சரி, அது வேற பஞ்சாயத்து.

மூணாவது லைன்

போன மாசம் மேனேஜர் மறுபடி கூப்ட்டாரு. மூணாவதா இன்னொரு கம்பெனி நல்ல ரேட் சொல்றான், போடலாமான்னு. நான் இந்த தடவை லேப்டாப்பைத் தொறக்கல. அந்த கேபிள் தம்பிக்கு போன் பண்ணி, ஞாயித்துக்கிழமை காலைல நாஸ்டா வாங்கித் தர்றேன், எனக்கு லைன் போற வழியை நடந்து காமிப்பான்னு கேட்டேன். அவன் சிரிச்சான். "இத்த இன்னாத்துக்குண்ணா நடந்து பாக்கணும், எனக்கு மனப்பாடம்." இருந்தாலும் வந்தான்.

புது லைன் எருக்கஞ்சேரி ஹை ரோடைத் தொடவே இல்ல, கொடுங்கையூர் உள்தெரு வழியா சுத்தி வருது. நான் ஒவ்வொரு கம்பமா நோட்ல குறிச்சுக்கிட்டே வந்தேன், ஒவ்வொரு கம்பமும் ஒரு புள்ளி, ஒவ்வொரு ஜாயின்ட் பாக்ஸும் ஒரு புள்ளி. வெயில் ஏறிக்கிட்டு இருந்தாலும் நடக்க நடக்க உற்சாகமா இருந்துச்சு, வழி சுத்தமா வேற. யார்டுக்கு ஒரு முந்நூறு மீட்டர் முன்னாடி அவன் நின்னு மேல கையைக் காமிச்சான். எங்க கேட்டுக்குப் போறதுக்கு ஒரே ரோடு, ஒரே வரிசைக் கம்பம். மூணு கம்பெனி ஒயரும் அங்க வந்து ஒண்ணா கட்டிக்கிட்டுப் போவுது. எண்ணுனேன், ஏழு கம்பம்.

"அப்போ இந்த ஏழுக்கு என்னப்பா பண்றது?"

"ஏர்ல போடுண்ணா. அந்த எதிர் பில்டிங் மொட்டை மாடில ஒரு டிஷ் நட்டு உங்க மாடிக்கு அடிச்சா ஒயரே வாணாம்."

நல்ல ஐடியான்னு பட்டுச்சு. எதிர் பில்டிங் ஓனரை எனக்குத் தெரியும், பேசிக்கலாம். நோட்ல அந்த மாடிக்கும் ஒரு புள்ளி போட்டு, வட்டம் போட்டு, கோடு இழுத்தேன். தம்பி டீயை உறிஞ்சிக்கிட்டே என் நோட்டை எட்டிப் பாத்தான், அப்பால ரோட்டு முனைல இருக்குற டிரான்ஸ்பார்மரைப் பாத்தான்.

"ண்ணா, அந்த பில்டிங்குக்கும் உங்க யார்டுக்கும் கரண்ட் எங்கேர்ந்து வருதுன்னு பாத்துக்கினியா?"